நோயாளியையும் பார்க்கணும், ஆராய்ச்சியும் செய்யணும்: கார்டியாலஜிக்கு வருகிறவர்களுக்கு

இதயநோய் மருத்துவம் படிக்க வருகிற பலரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். வார்டு, ஓ.பி., கேத் லேப் (ஆஞ்சியோ, ஸ்டென்ட் செய்கிற அறை), ராத்திரி டியூட்டி என்று ஓடுகிற ஓட்டத்தில் ஆராய்ச்சிக்கு எங்கே நேரம், அதைச் செய்தே ஆகவேண்டுமா? செய்தே ஆகவேண்டும் என்றில்லை. ஆராய்ச்சிப் பக்கமே போகாமல் அருமையாக வைத்தியம் பார்க்கிற கார்டியாலஜிஸ்டுகள் நிறைய இருக்கிறார்கள், பதவி உயர்வுக்காக நாலு பேப்பர் போடுவதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன பிறகும் 'இவருக்கு ஏன் இப்படி ஆனது' என்று மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிற ஆளாக நீங்கள் இருந்தால் மேலே படியுங்கள்.

படிப்புக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். அடிப்படை மருத்துவப் பட்டம், அப்புறம் பொது மருத்துவம், அதற்கு மேல் கார்டியாலஜி, அதற்குள்ளும் ஒரு தனிப்பிரிவு எடுத்தால் இன்னும் ஒன்றிரண்டு வருடம். நாட்டுக்கு நாடு பட்டத்தின் பெயரும் தேர்வும் மாறும், ஆனால் எங்கே படித்தாலும் பத்து வருடத்துக்குக் குறையாது. நடுவில் முனைவர் பட்டம் வேண்டுமென்றால் இன்னும் மூன்று நான்கு வருடம் கூடும். இதில் பலர் செய்கிற அவசரம், பொது மருத்துவக் காலத்தை எப்படியாவது தாண்டினால் போதும் என்று நினைப்பது. இதய நோயாளி இதயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வருவதில்லை. கெட்டுப்போன சிறுநீரகம், இருபது வருட சுகர், யாரும் கவனிக்காத தைராய்டு, ரத்தசோகை எல்லாம் கூடவே வரும், மூச்சுத்திணறலுக்குக் காரணம் எது என்று பிரிக்கத் தெரியாதவர் ஆராய்ச்சிக்குள் போனாலும் அதே குழப்பத்தைத்தான் டேட்டாவிலும் கொண்டுபோய்ச் சேர்ப்பார்.

முதலில் கண்ணும் கையும்

புது விஷயம் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வகம் வேண்டும் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. ஹெலன் டாசிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தை இதய மருத்துவம் என்று ஒரு துறை உருவாகக் காரணமானவர்களில் முக்கியமானவர், காது சரியாகக் கேட்காது, அதனால் குழந்தையின் நெஞ்சில் கையை வைத்து இதயத்தின் அதிர்வைத் தொட்டே உணரப் பழகிக்கொண்டார். உடல் நீலம் பாய்ந்த குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்ததில், பிறந்ததும் மூடிக்கொள்ள வேண்டிய ஒரு ரத்தக்குழாய் மூடாமல் இருந்த குழந்தைகள் ஓரளவு நன்றாக இருப்பதையும், அது மூடியதும் நிலைமை மோசமாவதையும் கவனித்தார். அப்படியென்றால் அந்த வழியை நாமே செயற்கையாக உண்டாக்கினால் என்ன? இந்தக் கேள்வியோடு அறுவை மருத்துவர் ஆல்ஃபிரட் பிளாலாக்கிடம் போனார், பிளாலாக்கின் ஆய்வக உதவியாளர் விவியன் தாமஸ் நாய்களிடம் செய்து செய்து அந்த அறுவை முறையை உருவாக்கினார், 1944ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் முதல் குழந்தைக்கு அறுவை நடந்தது. எல்லாம் ஆரம்பித்தது படுக்கைக்குப் பக்கத்தில்தான்.

இன்னொன்று, 1992ல் பெட்ரோ புருகாடா, ஹோசெப் புருகாடா சகோதரர்கள் எழுதியது. எட்டே எட்டு நோயாளிகள். இதயத்தின் அமைப்பில் ஒரு கோளாறும் இல்லை, ஆனால் ஈசிஜியில் வினோதமான ஒரே மாதிரியான வடிவம், எல்லோரும் திடீர் இதயநிறுத்தத்திலிருந்து தப்பியவர்கள். இப்போது அந்த நோய்க்கு அவர்கள் பெயர்தான். அப்படி ஒரு ஈசிஜி கையில் வந்தபோது 'ஏதோ ஒரு மாதிரி இருக்கிறது' என்று கேஸ் ஷீட்டில் எழுதி மூடிவைத்திருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

அதனால் முதல் வருடத்திலேயே ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் அடையாளம் எதுவும் இல்லாமல், எதிர்பார்த்தது நடக்காத ஒவ்வொரு கேஸையும் இரண்டு வரி எழுதுங்கள்: என்ன நினைத்தேன், என்ன நடந்தது. நல்லபடியாகப் போன கேஸ் வேண்டாம், பொருந்தாமல் போனதுதான் வேண்டும். ஆறு மாதம் கழித்துப் புரட்டினால் ஒரே மாதிரியான ஆச்சரியம் மூன்று நான்கு இடத்தில் வந்திருக்கும். உங்கள் ஆராய்ச்சித் தலைப்பு அநேகமாக அதுதான், சீனியர் கையில் கொடுக்கிற தலைப்பு அல்ல.

எந்தப் பிரிவு?

இதைத் தேர்ந்தெடுக்கும்போது கான்ஃபரன்ஸ் மேடையைப் பார்க்காதீர்கள், அந்தப் பிரிவின் சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

ஆஞ்சியோ, ஸ்டென்ட் பக்கம் போனால் கைவேலை, உடனடிப் பலன், கூடவே பெயர். மாரடைப்போடு வந்தவருக்கு மருத்துவமனைக்குள் நுழைந்ததிலிருந்து 90 நிமிடத்துக்குள் அடைப்பைத் திறக்கவேண்டும் என்பது உலகம் முழுக்கப் பழகிப்போன கணக்கு, அது ராத்திரி மூன்று மணிக்கும் அதே கணக்குதான். ஈய அங்கியைப் போட்டுக்கொண்டு வருடக்கணக்கில் நின்றால் முதுகும் கழுத்தும் கணக்குக் கேட்கும், கதிர்வீச்சு வேறு. ஆராய்ச்சிக்கு இங்கே வசதி என்னவென்றால் சிகிச்சை தெளிவாக ஒரு நாளில் நடந்து முடிகிறது, அளப்பது எளிது. தொந்தரவு என்னவென்றால் புதுக் கருவிகள் கம்பெனி கையிலிருந்து வருகின்றன, கேள்வியைக் கேட்பது நீங்களா அவர்களா என்று அடிக்கடி நின்று யோசிக்க வேண்டியிருக்கும்.

இதயத்துடிப்புக் கோளாறு, பேஸ்மேக்கர் பக்கம் கணக்கும் மின்னியலும் பிடித்தவர்களுக்கு. எக்கோ, எம்ஆர்ஐ பக்கம் பொறுமைசாலிகளுக்கு, வீட்டுக்கு ஓரளவு நேரத்துக்குப் போகலாம், டேட்டா தானாகவே குவியும். இதயச்செயலிழப்பு, அதாவது இதயம் ரத்தத்தைப் போதிய அளவு இறைக்க முடியாமல் பலவீனமாகிற நோய், அந்தப் பிரிவுதான் என்னைக் கேட்டால் இரண்டையும் சேர்த்துச் செய்ய மிகப் பொருத்தமானது. ஒரே நோயாளியை வருடக்கணக்கில் பார்க்கிறீர்கள், மருந்து மாற்றம் என்ன செய்தது என்பது உங்கள் கண்முன்னே தெரிகிறது, ஆராய்ச்சிக்குத் தேவையான பின்தொடர்தல் என்பது ஓ.பி.யின் வழக்கமான வேலையாகவே நடந்துவிடுகிறது. வெளியே இதற்குப் பளபளப்பு குறைவு, அவ்வளவுதான். தடுப்பு மருத்துவப் பக்கம் போகிறவர்கள் பலன் பார்க்கக் காத்திருக்கத் தயாராக இருக்கவேண்டும். ஃபிரேமிங்ஹாம் ஆய்வு 1948ல் 5,209 பேரோடு தொடங்கியது, பிரஷரும் கொலஸ்ட்ராலும் மாரடைப்புக்கு இட்டுச்செல்லும் காரணிகள் என்று அவர்கள் எழுதிய முக்கியமான கட்டுரை வந்தது 1961ல்.

கேள்வியைச் சின்னதாக்குவது

'இதயச்செயலிழப்பு நோயாளிகள் ஏன் திரும்பத் திரும்ப அட்மிட் ஆகிறார்கள்' என்பது கேள்வியே அல்ல, புலம்பல். இதைச் சுருக்கிச் சுருக்கிக் கொண்டுவர வேண்டும். யார்? உங்கள் வார்டில் இந்த நோய்க்காக அட்மிட் ஆகி உயிரோடு வீட்டுக்குப் போனவர்கள். எதைப் பார்க்கிறோம்? வந்த அன்றைய எடைக்கும் போகிற அன்றைய எடைக்கும் உள்ள வித்தியாசம், உடலில் தேங்கிய நீர் எவ்வளவு வெளியேறியது என்பதை அது காட்டும். யாரோடு ஒப்பிடுகிறோம்? எடை குறைந்து போனவர்களை, குறையாமல் போனவர்களோடு. என்ன நடக்கிறதா என்று பார்க்கிறோம்? 30 நாளுக்குள் மறுபடி அட்மிஷன், அல்லது மரணம். அந்த 'அல்லது மரணம்' முக்கியம், அதை விட்டுவிட்டால் வீட்டிலேயே இறந்துபோனவர் திரும்ப வராத நல்ல நோயாளியாகக் கணக்கில் சேர்ந்துவிடுவார்.

இப்போது எண்ணிக்கை. வருடத்துக்கு 200 பேர் தேறுகிறார்கள், 40 பேருக்கு அந்த நிகழ்வு நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிகழ்வுக்கு ஒரு காரணி என்பது பழைய தோராயக் கணக்கு, அதன்படி நாலு காரணிக்கு மேல் உங்கள் புள்ளியியல் மாடல் தாங்காது. நீங்களோ வயது, சுகர், சிறுநீரகம், ஹீமோகுளோபின், மருந்துகள் என்று பதினைந்து காரணி எழுதி வைத்திருப்பீர்கள். இதனால்தான் புள்ளியியல் தெரிந்தவரை டேட்டா சேர்ப்பதற்கு முன்னால் போய்ப் பார்க்கச் சொல்வது. எல்லாம் முடிந்து எக்செல் ஃபைலோடு போய் 'ஒரு பி வேல்யூ எடுத்துக் கொடுங்கள்' என்று நின்றால் அவர் முகம் போகிற போக்கைப் பார்க்கவே பாவமாக இருக்கும்.

டேட்டா எடுக்கும்போது கவனம் சிதறுகிற இடங்கள் எப்போதும் ஒன்றுதான். லேப் நடுவில் பழைய ட்ரோபோனின் பரிசோதனையை (இதயத் தசை சேதத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) விட்டு அதிக நுண்ணுணர்வுள்ள பரிசோதனைக்கு மாறியிருந்தால், அந்த மாதத்திலிருந்து மாரடைப்பு எண்ணிக்கை கூடியதுபோலத் தெரியும், ஊரில் எதுவும் மாறியிருக்காது. எக்கோவில் இதயம் ரத்தத்தை வெளித்தள்ளும் சதவீதத்தை ஒருவர் 40 என்பார், அதே படத்தைப் பார்த்து இன்னொருவர் 45 என்பார், உங்கள் ஆய்வின் எல்லைக்கோடு 40 என்றால் யார் பார்த்தார் என்பதே முடிவைத் தீர்மானித்துவிடும். அதனால் யார் அளப்பது, எந்த முறையில் அளப்பது, நோயாளியின் முடிவு தெரியாமல் அளக்கிறாரா என்பதையெல்லாம் முன்கூட்டியே எழுதி வையுங்கள். எடை எழுதாமல் விட்ட கேஸ் ஷீட்டுகளைச் சும்மா தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எழுந்து எடைக்கருவியில் நிற்க முடியாத அளவுக்கு மோசமாக இருந்தவர்களுக்குத்தான் எடை இருக்காது, அவர்களை விட்டால் உங்கள் ஆய்வில் மிச்சமிருப்பவர்கள் நடமாடக்கூடியவர்கள் மட்டுமே.

எத்திக்ஸ் கமிட்டி அனுமதி முதல் கேஸ் ஷீட்டைத் திறப்பதற்கு முன்னால் வாங்கவேண்டும், பின்னால் அல்ல. சிகிச்சை ஆய்வு என்றால் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பொதுப் பதிவேட்டில் பதிய வேண்டும், 2005 முதல் முக்கியமான மருத்துவ இதழ்கள் பதியாத ட்ரையலை ஏற்பதில்லை. சம்மதம் வாங்குவதில் ஒரு சிக்கல் உண்டு. மருந்து எழுதுகிற நீங்களே ஆய்வுக்கும் கேட்டால் பெரும்பாலான நோயாளிகள் மறுக்க மாட்டார்கள், 'டாக்டர் கோபித்துக்கொள்வாரோ' என்ற பயம். முடிந்தவரை சிகிச்சையில் இல்லாத ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள், வேண்டாம் என்று சொன்னவருக்கு அடுத்த ஓ.பி.யில் உங்கள் முகத்தில் எந்த மாற்றமும் தெரியக்கூடாது.

டேட்டா உங்களை மறுக்கும்போது

எனக்குத் தெரிந்து இந்த வேலையில் கஷ்டமான பகுதி இதுதான். கேத் லேபில் தயங்கினால் நோயாளி போய்விடுவார், அங்கே தன்னம்பிக்கை வேண்டும். அதே மருத்துவர் மறுநாள் காலை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து 'நான் இத்தனை வருடமாகக் கொடுத்துவந்த மருந்து நோயாளியைக் கொன்றிருக்கலாம்' என்று யோசிக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

மிகைப்படுத்தவில்லை. மாரடைப்புக்குப் பிறகு இதயத்தில் கூடுதல் துடிப்புகள் வருபவர்கள் திடீரென்று இறப்பது அதிகம் என்று தெரிந்திருந்தது. அந்தத் துடிப்புகளை அடக்கும் மருந்துகளும் இருந்தன. அடக்கினால் உயிர் தப்பும் என்பது யாருக்குமே இயல்பாகத் தோன்றுகிற தர்க்கம், மருத்துவர்களும் எழுதிக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். காஸ்ட் என்ற ஆய்வு அதைச் சோதித்தது. என்கெய்னைட், ஃப்ளெகெய்னைட் என்ற இரண்டு மருந்துகளில் ஒன்றை எடுத்துக்கொண்ட 755 பேரில் 63 பேர் இறந்தார்கள், வெற்று மாத்திரை எடுத்த 743 பேரில் 26 பேர். 1989ல் அந்தப் பகுதியை நடுவிலேயே நிறுத்தினார்கள். ஈசிஜி பார்க்க நன்றாகத்தான் ஆகியிருந்தது.

பீட்டா பிளாக்கர் கதை நேர் எதிர். இதயம் பலவீனமானவருக்கு அதன் வேகத்தைக் குறைக்கும் மருந்தைக் கொடுப்பது கொலைபாதகம் என்றே சொல்லிக்கொடுத்த காலம் உண்டு. 1975ல் ஸ்வீடனின் கோதன்பர்க்கில் வாக்ஸ்டீன் குழுவினர் ஏழு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்துத் தேறினார்கள் என்று எழுதினார்கள். யாரும் உடனே நம்பவில்லை, நம்பாமல் இருந்ததும் நியாயம்தான், ஏழு பேரை வைத்து என்ன முடிவெடுப்பது. பெரிய ட்ரையல்கள் வந்து கேள்வி தீர 1999 ஆனது. இருபத்து நான்கு வருடம். இன்று அந்த மருந்தை எழுதாமல் விட்டால்தான் ஏன் என்று கேட்பார்கள்.

ஆகவே முடிவு பார்ப்பதற்கு முன்பே எதைப் பார்க்கப்போகிறீர்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வையுங்கள். மொத்த முடிவு சாதகமாக இல்லையென்றால் பெண்களில் பார்ப்போம், 60 வயதுக்கு மேல் பார்ப்போம் என்று துண்டு துண்டாக வெட்டுகிற ஆசை எல்லோருக்கும் வரும். மாரடைப்பில் ஆஸ்பிரின் உயிரைக் காக்கிறது என்று 17,187 நோயாளிகளில் காட்டிய 1988ன் ஐசிஸ்-2 ஆய்வுக்காரர்கள் வேண்டுமென்றே ராசிவாரியாகவும் பிரித்துக் காட்டினார்கள். மிதுன, துலாம் ராசிக்காரர்களுக்கு ஆஸ்பிரின் வேலை செய்யவில்லை! துணைக்குழுக்களை வைத்துத் தீர்ப்பு எழுத ஆசை வரும்போதெல்லாம் அந்த அட்டவணையை நினைத்துக்கொண்டால் போதும்.

ஓ.பி. மேசைக்குத் திரும்பினால்

ஆராய்ச்சி தெரிந்தவர் நோயாளியிடம் பேசுகிற விதமே மாறவேண்டும், மாறவில்லையென்றால் அந்த ஆராய்ச்சியால் நோயாளிக்கு என்ன லாபம். மேலே சொன்ன 1999 பீட்டா பிளாக்கர் ட்ரையல்களில் சிபிஸ்-2 ஒன்று. மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று சொல்லலாம், உண்மைதான். அதையே சுமார் 1.3 வருடத்தில் நூற்றுக்கு 17.3 பேர் இறந்த இடத்தில் 11.8 பேர் இறந்தார்கள், அதாவது ஏறத்தாழ 18 பேர் மருந்து சாப்பிட்டால் அந்தக் காலத்துக்குள் ஒரு உயிர் கூடுதலாகத் தப்புகிறது என்றும் சொல்லலாம். இரண்டும் ஒரே ஆய்வு. நோயாளிக்கு இரண்டாவது விதத்தில் சொல்லுங்கள், பக்கவிளைவையும் அதே அளவுகோலில் சொல்லுங்கள். 'கண்டிப்பாகச் சாப்பிடுங்கள்' என்று மட்டும் சொல்லி அனுப்பினால் தலைசுற்றிய மறுநாளே நிறுத்திவிடுவார், அடுத்த முறை சொல்லவும் மாட்டார்.

ஸ்டென்ட் பற்றியும் இப்படி நேராகப் பேசவேண்டும். மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது அடைப்பைத் திறப்பது உயிர்காக்கும், அதில் இரண்டு பேச்சு இல்லை. நடந்தால் மட்டும் நெஞ்சுவலி வருகிற நிலையான நோயில் கணக்கு வேறு. 2017ல் வந்த ஆர்பிட்டா ஆய்வில் 200 பேரைப் பிரித்து, பாதிப் பேருக்கு ஸ்டென்ட், மீதிப் பேருக்கு ஸ்டென்ட் வைக்காமல் வைத்ததுபோலவே எல்லாம் செய்தார்கள், ஆறு வாரம் கழித்து உடற்பயிற்சி நேரத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அப்போது பெரிய சண்டையே நடந்தது. அதே குழுவினர் வலிக்கான மருந்துகளை நிறுத்திவிட்டுச் செய்த இரண்டாவது ஆய்வு 2023ல் வந்தது, அதில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு வலி குறைந்தது தெளிவாகத் தெரிந்தது. இரண்டையும் படித்தவர் நோயாளிக்கு முன்னால் 'உடனே வைத்தாக வேண்டும்' என்றும் சொல்லமாட்டார், 'வீண்' என்றும் சொல்லமாட்டார்.

நேரம், ஆட்கள், காசு

வாரத்தில் அரை நாள், குறிப்பிட்ட ஒரு கிழமை, வேலை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தையாகச் சொன்ன ஆராய்ச்சி நேரம் முதல் மாதத்திலேயே ஓ.பி.க்குள் கரைந்துவிடும். ராத்திரி டியூட்டிக்கு மறுநாள் டேட்டா தொடாதீர்கள், தூக்கக் கலக்கத்தில் போட்ட எண்ணைத் திருத்துவதில் இரண்டு மடங்கு நேரம் போகும். உங்கள் ஓ.பி.யை முடிந்தால் ஒரே நோய்க்கானதாக மாற்றிக்கொள்ளுங்கள், பார்க்கிற ஒவ்வொரு நோயாளியும் உங்கள் கேள்விக்குச் சம்பந்தப்பட்டவராக இருந்தால் இரண்டு வேலையும் ஒன்றாகிவிடும்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய பேப்பர் எண்ணிக்கையை விட்டுவிட்டு, அவரிடம் ஐந்து வருடத்துக்கு முன் இருந்த ஜூனியர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். அவர்களில் யாருடைய பெயராவது கட்டுரையில் முதலில் வந்திருக்கிறதா பாருங்கள். ஆசிரியர் வரிசையை ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள், கூச்சமாக இருந்தாலும் பரவாயில்லை, முடிவில் பேசினால் உறவு முறியும். எக்கோ டெக்னீஷியனும் வார்டு நர்ஸும் இல்லாமல் எந்த இதய ஆய்வும் நடக்காது, அவர்களுக்குக் கூடுதல் வேலை கொடுக்கிறீர்கள் என்றால் அதற்குரிய பெயரும் முடிந்தால் பணமும் கொடுக்க வழிபாருங்கள். கம்பெனிக் காசு வாங்குவது பாவம் ஒன்றும் இல்லை, ஆனால் டேட்டா யார் கையில் இருக்கும், முடிவு பாதகமாக வந்தால் வெளியிடும் உரிமை யாருக்கு என்ற இரண்டும் எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். காசு கொடுத்தால் ஒரே வாரத்தில் போடுகிறோம் என்று மெயில் அனுப்பும் ஜர்னல்களைப் பற்றி நான் தனியாகச் சொல்லத் தேவையில்லை, அழித்துவிடுங்கள்.

சின்ன மருத்துவமனையில் இருக்கிறோமே, இதெல்லாம் நடக்குமா என்று நினைப்பவர்களுக்கு: 1986ல் வந்த இத்தாலியின் கிஸ்ஸி ஆய்வு, கட்டியைக் கரைக்கும் மருந்து மாரடைப்பில் உயிர் காக்கிறது என்று காட்டியது. சுமார் 11,800 நோயாளிகள், நாடு முழுக்க 176 இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவுகள். கேட்ட கேள்வி எளிது, நிரப்பவேண்டிய படிவம் சின்னது, அதனால்தான் அத்தனை இடங்களில் நடத்த முடிந்தது. இன்றைக்கும் பல மையங்களில் நடக்கும் ட்ரையல்கள் புது மையங்களைத் தேடிக்கொண்டே இருக்கின்றன. சேர விரும்பினால் நற்சிகிச்சை ஆய்வு நெறிமுறை (ஜிசிபி) பயிற்சியை முடித்துச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள், ஆன்லைனிலேயே செய்யலாம். அப்புறம் அவர்கள் ஆர்வமாகக் கேட்பது இரண்டு எண்கள்: இப்படிப்பட்ட நோயாளிகள் மாதத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள், ஒரு வருடம் கழித்து அவர்களில் எத்தனை பேரை உங்களால் தொடர்புகொள்ள முடியும். முதலாவதை எல்லோரும் கூட்டித்தான் சொல்வார்கள். இரண்டாவதற்கு, போன வருடத்து ரிஜிஸ்டரை எடுத்து வரிசையாக ஐம்பது பேருக்கு போன் போட்டு, எடுத்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிவிட்டு விண்ணப்பத்தை எழுதுங்கள்.